சாயவேரும் பருவமும்: சோழமண்டலக் கடற்கரையின் சாயத் தாவரங்களும் கைவினைக் காலமும் (கி.பி. 1600 – 1900)

ஆய்வுச் சுருக்கம்

சோழமண்டலக் கடற்கரையின் வண்ணத் துணிகள் குறித்த ஆய்வுகள் பெரும்பாலும் வணிகம், கப்பல், நெசவாளர் ஆகியவற்றை மையமாகக் கொண்டவை. அத்துணிகளுக்குச் சிவப்பையும் நீலத்தையும் அளித்த தாவரங்கள், அவற்றைப் பயிரிட்டோர், அகழ்ந்தெடுத்தோர் ஆகியோர் வரலாற்றெழுதியலில் விளிம்பிலேயே நிற்கின்றனர். இக்கட்டுரை சாயவேர், அவுரி ஆகிய இரு தாவரங்களை முதன்மையாகக் கொண்டு, பாத்தியில் பயிரிடலுக்கும் காட்டில் திரட்டலுக்கும் இடையிலான உறவையும், பருவத்தைச் சார்ந்து அமைந்த சாயமேற்றல் நுட்பத்தையும், அந்நுட்பம் ஐரோப்பிய எழுத்தில் பதிவான முறையையும் ஆராய்கிறது. இயற்கைச் சாயம் இன்று நிதானத்தின் அடையாளமாகப் போற்றப்படுகிறது. அந்நிதானம் யாருடைய உழைப்பால் இயன்றது என்பதே இக்கட்டுரையின் அடிப்படை வினா.

திறவுச்சொற்கள்: சாயவேர், அவுரி, சோழமண்டலக் கடற்கரை, மன்னார், நிறம்பற்றி, கைவினை வரலாறு.

1. முன்னுரை

தமிழகத்தில் துணிக்கு நிறமேற்றும் தொழில் தொன்மையானது. 1945ஆம் ஆண்டு மார்டிமர் வீலர் அரிக்கமேட்டில் நடத்திய அகழாய்வில் செங்கல் தொட்டிகளும் வடிகால்களும் வெளிப்பட்டன. அவை மெல்லிய துணிகளுக்குச் சாயமேற்றப் பயன்பட்டிருக்கலாம் என வீலர் கருதினார். உறையூர் அகழாய்விலும் சாயத்தொட்டி எனக் கருதப்படும் கட்டுமானம் கண்டறியப்பட்டது. எனினும் தொட்டி மட்டும் சாயத்தின் வரலாற்றைச் சொல்லிவிடாது. அத்தொட்டியில் இடப்பட்ட இலை எந்த நிலத்தில் விளைந்தது, எப்பருவத்தில் அறுக்கப்பட்டது, வேரை யார் அகழ்ந்தனர் என்னும் வினாக்களுக்குக் கல்லும் செங்கல்லும் விடை தருவதில்லை. இவற்றுக்குரிய விரிவான எழுத்துச் சான்றுகள் 17ஆம் நூற்றாண்டிற்குப் பின்னரே கிடைக்கின்றன. அவற்றுட் பெரும்பாலானவை ஐரோப்பிய வணிகர், பாதிரியார், தாவரவியலாளர் ஆகியோர் தத்தம் நோக்கங்களுக்காக எழுதியவை. ஆகவே அவை சொல்வதை மட்டுமன்றி, சொல்லாமல் விடுவதையும் கருத்திற்கொண்டே வாசிக்க வேண்டியுள்ளது.

2. மணலில் விளைந்த சிவப்பு

சாயவேர் எனப்படும் செடி ஓல்டன்லாண்டியா அம்பெல்லாட்டா என்னும் தாவரவியற் பெயருடையது. காப்பி, நுணா ஆகியவை இடம்பெறும் ரூபியேசிக் குடும்பத்தைச் சார்ந்தது. தரையோடு ஒட்டிப் படரும் சிறு செடி. நுண்ணிய வெண்ணிறப் பூக்களும் அதனினும் நுண்ணிய விதைகளும் கொண்டது. கடற்கரையை ஒட்டிய இளகிய மணல் நிலத்தில் தானாகவே முளைக்கும். இதன் வேர்ப்பட்டையில்தான் சிவப்பு நிறத்தைத் தரும் பொருள் உள்ளது.

இச்செடிக்குத் தமிழில் இரு பெயர்கள் வழங்குகின்றன. சாயத் தொழிலில் இது சாயவேர். சித்த மருத்துவத்தில் இம்பூறல். குருதி வாந்தி, இருமல் முதலியவற்றுக்கு மருந்தாக இம்பூறல் இன்றும் எடுத்தாளப்படுகிறது. ஒரே செடியை இரு அறிவு மரபுகள் வெவ்வேறு பெயரிட்டுப் பேணியுள்ளன எனலாம். தெலுங்கு நாட்டில் இது சிரிவேரு எனப்பட்டது. மசூலிப்பட்டினம், நிசாம்பட்டினம் பகுதிகளின் வேர் 17ஆம் நூற்றாண்டு வணிகரிடையே பெரும் மதிப்புப் பெற்றிருந்தது. தெற்கே இராமேசுவரம் தீவும், கடலுக்கு அப்பால் மன்னாரும் யாழ்ப்பாணப் பகுதியும் சாயவேருக்குப் பெயர் பெற்றவை.

இச்செடியைப் பற்றிய குறிப்புகளுள் வில்லியம் ராக்ஸ்பரோ தருவது தனித்து நோக்கத்தக்கது. சென்னை மாகாணத்தில் கம்பெனியின் தாவரவியலாளராகப் பணியாற்றிய அவர், 1795இல் வெளிவரத் தொடங்கிய சோழமண்டலக் கடற்கரைத் தாவரங்கள் என்னும் நூலில் சாயவேரை விவரித்துள்ளார். பயிரிடப்படும் வேர் ஓரடி முதல் இரண்டடி வரை நீளும் என்றும், தானாக வளரும் செடியின் வேர் அதனினும் குட்டையானது என்றும் அவர் குறிப்பிடுகிறார். ஆயினும் தானாக வளர்வதே கால் பங்கு மிகுதியான சாயத்தைத் தருவதாகவும், அச்சாயம் தரத்தில் உயர்ந்ததாகவும் கருதப்பட்டதை அவர் பதிவு செய்கிறார்.

இக்குறிப்பு இரண்டு செய்திகளை உணர்த்துகிறது. முதலாவது, 18ஆம் நூற்றாண்டின் இறுதியில் சாயவேர் காட்டுப்பொருளாக மட்டும் இல்லை. அது பாத்தியில் விதைத்து நீர் பாய்ச்சி வளர்க்கப்பட்ட பயிராகவும் இருந்தது. இரண்டாவது, பயிரிடல் வழக்கில் இருந்தும் அது காட்டு வேரின் மதிப்பைக் குறைக்கவில்லை. பாத்தி வேர் நீளத்தையும் அளவையும் தந்தது. மணல்மேட்டு வேர் செறிவைத் தந்தது. எனவே தோட்டமும் தரிசும் சாயக்காரருக்கு ஒருசேரத் தேவைப்பட்டன. காட்டிலிருந்து தோட்டத்திற்கு என்னும் நேர்கோட்டு வளர்ச்சியாக இப்பயிரின் வரலாற்றை எழுத இயலாது.

3. அவுரியும் அதன் சுழற்சியும்

நீலத்தைத் தந்த அவுரி, இண்டிகோஃபெரா டிங்டோரியா, முற்றிலும் வேறான இயல்புடையது. இது அவரைக் குடும்பத்துச் செடி. வேர்முடிச்சுகளால் மண்ணுக்குத் தழைச்சத்தைச் சேர்ப்பது. பூக்கும் பருவத்தில் இலை அறுக்கப்படும். அறுத்த அடியிலிருந்து தழைத்து மறு அறுவடைக்கும் வரும். அறுத்த இலையை நீரில் ஊறவைத்துப் புளிக்கச் செய்து, சாற்றை வேறு தொட்டிக்கு மாற்றிக் காற்றுப் படும்படி அடித்துக் கலக்கினால் நீலம் வண்டலாகப் படியும். வண்டலைக் காய்ச்சி வடித்துப் பிழிந்து வில்லைகளாக்கி உலர்த்துவர். எஞ்சும் இலைச் சக்கை நெல் வயலுக்கு எருவாகும். இவ்வாறு அவுரி சாயப்பயிராகவும் மண்ணைப் பேணும் பயிராகவும் ஒருங்கே அமைந்தது.

நீல வில்லை நீரில் கரையாது. அதனைக் கரையும் நிலைக்குக் கொணர மீண்டும் ஒரு நொதித்தல் தேவை. தமிழகச் சாயக்காரர் இதற்குச் சுண்ணாம்பையும் வேகவைத்த தகரை விதையையும் பயன்படுத்தினர். தகரை வேலியோரத்தில் மழைக்குப் பின் தானாக முளைக்கும் களைச்செடி. மதிப்புமிக்க ஏற்றுமதிப் பொருளான நீலம், யாரும் விதைக்காத களை ஒன்றின் விதையைச் சார்ந்திருந்தது. சாயவேரில் கண்ட அதே உறவு, தோட்டமும் தரிசும் ஒன்றையொன்று சார்ந்திருக்கும் நிலை, இங்கும் வேறு வடிவில் வெளிப்படுகிறது.

4. கைவினையின் நாட்காட்டி

சாயத் துணி உருவாகும் முறையை நோக்கினால், அதன் ஒவ்வொரு படிநிலையும் வெயில், நீர், காற்று ஆகியவற்றைச் சார்ந்திருப்பதைக் காணலாம். முதலில் பருத்தித் துணியின் கஞ்சி நீக்கப்பட்டு, சாண நீரில் ஊறவைத்து, வெயிலில் விரித்து வெளுக்கப்படும். பின்னர் கடுக்காய்ச் சாறும் எருமைப்பாலும் கலந்த நீரில் தோய்க்கப்படும். கடுக்காயின் துவர்ப்பு, நிறம்பற்றிகள் இழையோடு பிணைய உதவும். பாலின் கொழுப்பு, எழுதுகோலால் இடும் கரைசல் பரவாமல் தடுக்கும். கறுப்புக் கோடுகளுக்கு இரும்புக் கரைசல், சிவப்பு வர வேண்டிய இடங்களுக்குப் படிகாரக் கரைசல் எனத் தனித்தனியே எழுதப்படும். இதன் பின்னரே துணி சாயவேர்ப் பொடி இட்ட நீரில் காய்ச்சப்படும்.

இவ்விடத்தில் நிகழும் வேதியியல் கருதத்தக்கது. சாயவேரின் நிறப்பொருளான அலிசரின் பருத்தி இழையோடு தானாக உறுதியாகப் பிணைவதில்லை. படிகாரத்திலுள்ள அலுமினியமே அதனை இழையோடு பிணைக்கிறது. ஆகவே படிகாரம் எழுதிய இடத்தில் சிவப்பு நிலைக்கும்; ஏனைய இடங்களில் படிந்த மங்கிய நிறத்தைச் சாணநீரும் வெயிலும் போக்கிவிடும். நீலம் வேண்டிய இடம் தவிர மற்றவற்றை மெழுகால் மூடி அவுரித் தொட்டியில் அமிழ்த்துவது அடுத்த படிநிலை. அதன்பின் மெழுகை நீக்கி மீண்டும் வெளுக்க வேண்டும்.

ஆக, வெளுத்தல் ஒருமுறை நிகழ்ந்து முடிவதன்று. அது செய்முறை நெடுகிலும் திரும்பத் திரும்ப வருவது. வெயிலும் தெளிந்த நீரும் இன்றி இது இயலாது. ஐப்பசி, கார்த்திகை மாதங்களின் வடகிழக்குப் பருவமழை சோழமண்டலக் கடற்கரையில் இப்பணியை இயல்பாகவே தடுத்தது. அதே மாதங்களில் புயலுக்கு அஞ்சிக் கப்பல்களும் சென்னைத் துறையை விட்டு அகன்றன. மழை மணலை நனைத்துச் செடியைத் தழைக்கச் செய்தது. கோடை வேரையும் துணியையும் உலர்த்தியது. பயிரின் பருவம், தொழிலின் பருவம், கடலின் பருவம் ஆகிய மூன்றும் ஒன்றையொன்று தழுவி அமைந்த ஒரு நாட்காட்டி இங்கு இயங்கியது எனலாம்.

5. எழுத்தில் ஏறிய அறிவு

இந்நுட்பத்தை முதன்முதலில் விரிவாகப் பதிவு செய்தோருள் இருவர் பிரெஞ்சுக்காரர். கடற்படை அதிகாரியான அந்துவான் தெ பொல்யே 1734ஆம் ஆண்டளவில் புதுச்சேரியில் துணி எழுதுவோரின் பணியை நேரிற்கண்டு குறிப்பெடுத்தார். ஒவ்வொரு படிநிலை முடிந்ததும் துணியில் ஒரு துண்டை வெட்டிக் குறிப்போடு இணைத்தார். பிரான்சின் வேதியியலாளர் துய் ஃபே கேட்டுக்கொண்டதற்கிணங்கவே இதனைச் செய்தார். அக்கையெழுத்துப்படியும் துணித் துண்டுகளும் பாரிசில் பாதுகாக்கப்படுகின்றன. இயேசு சபைப் பாதிரியார் கேர்தூ 1742இல் எழுதிய கடிதம் இச்செய்முறையை மேலும் விரிவாக விளக்குகிறது. 1747இல் அதனைத் தொடர்ந்து மற்றொரு கடிதமும் எழுதினார்.

இவற்றின் பின்புலத்தை மனங்கொள்ளல் வேண்டும். இந்திய வண்ணத் துணிகள் தம் நாட்டுத் தொழிலைப் பாதிக்கின்றன எனக் கருதிய பிரான்சு 1686இலேயே அவற்றுக்குத் தடை விதித்தது. இங்கிலாந்து 1701, 1721 ஆகிய ஆண்டுகளில் தடைச் சட்டங்களை நடைமுறைப்படுத்தியது. துணியைத் தடுத்த நாடுகள் துணியின் நுட்பத்தை விரும்பின. கேர்தூ தமக்குத் தகவல் தந்தவர்கள் கிறித்தவம் தழுவிய கைவினைஞர்களே எனக் குறிப்பிடுகிறார். பாதிரியார்மீது நம்பிக்கை வைத்துத் தம் தொழில் மறையை வெளிப்படுத்திய அவர்களின் பெயர்கள் கடிதத்தில் இல்லை. நிறம்பற்றியின் அளவும் வேரின் பெயரும் தகரை விதையும் ஐரோப்பாவை அடைந்தன. அறிந்தவரின் பெயர் அடையவில்லை. அறிவு வரலாற்றில் இத்தகைய இழப்பு அரிதன்று. எனினும் தமிழ்க் கைவினைச் சொற்கள் பலவற்றுக்கு இக்கடிதங்களே முதன்மைச் சான்றாக எஞ்சியிருக்கும் நிலையில், அப்பெயரின்மை ஒரு வரலாற்றுச் சிக்கலாகவே நீடிக்கிறது.

6. வேர் அகழ்வோர்

சாயவேரின் வரலாற்றில் உழைப்பின் கடுமையை வெளிப்படையாகக் காட்டுவது இலங்கையின் வடபகுதி. 1658இல் மன்னாரையும் யாழ்ப்பாணத்தையும் போர்த்துக்கேயரிடமிருந்து கைப்பற்றிய ஒல்லாந்தர், சாயவேரை அரசின் தனியுரிமைப் பொருளாகப் பேணினர். வேர் அகழ்தல் குறிப்பிட்ட சமூகத்தாருக்குரிய கட்டாயக் கடமையாக இருந்தது. அகழ்ந்த வேரை அரசு வகுத்த விலைக்கே ஒப்படைக்க வேண்டும். வேறெவருக்கும் விற்றல் கூடாது. 1796இல் ஆட்சி ஆங்கிலேயரிடம் மாறிய பின்னரும் இம்முறை உடனே மறையவில்லை. 1817இல் வெளியான அந்தோனி பெர்த்தொலாச்சியின் இலங்கைப் பொருளாதாரம் பற்றிய நூல் சாயவேரை அரசு வருவாய்க்குரிய பொருள்களுள் ஒன்றாகவே பேசுகிறது. கட்டாய ஊழிய முறையான இராசகாரியம் 1832இல்தான் சட்டப்படி ஒழிக்கப்பட்டது.

ராக்ஸ்பரோவின் குறிப்பை இங்கு மீண்டும் நினைவுகூரலாம். காட்டு வேரே சிறந்தது என்னும் தொழில் மதிப்பீடு, சிதறிக் கிடக்கும் சிறு செடிகளைத் தேடி மணலில் குனிந்து அகழும் உழைப்பை இன்றியமையாததாக்கியது. பாத்தியில் விளைந்த வேரை உழவர் தம் காலத்தில் எடுக்கலாம். காட்டு வேரை எடுப்பதற்குப் பிறர்மேல் செலுத்தப்பட்ட கட்டாயம் தேவைப்பட்டது. சிவப்பின் செறிவுக்கும் சாதியடிப்படையிலான ஊழியத்திற்கும் இடையே ஒரு நேரடித் தொடர்பை மன்னார்ச் சான்று காட்டுகிறது. இயற்கைச் சாயம் இயல்பாகவே அறம் சார்ந்தது என்னும் இன்றைய பொதுக்கருத்தை இச்சான்று மறுபரிசீலனைக்கு உட்படுத்துகிறது.

7. சைதாப்பேட்டையில் ஒரு சிவப்புத் தோட்டம்

தாவரச் சாயத்தைத் தோட்டத்தில் விளைவிக்கும் முயற்சிகளுள் கம்பெனி மேற்கொண்ட ஒன்று வேறுபட்டது. சென்னையில் தலைமை மருத்துவராக இருந்த சேம்சு ஆண்டர்சன் 1786 முதல் சோசப் பேங்க்சு உள்ளிட்டோருடன் கடிதத் தொடர்பு கொண்டு, கோச்சினியல் என்னும் சிவப்புச் சாயப் பூச்சியை இங்கு வளர்க்க முயன்றார். இதன்பொருட்டுச் சைதாப்பேட்டையில் சப்பாத்திக்கள்ளித் தோட்டம் அமைக்கப்பட்டது. மெக்சிகோவின் வளர்ப்புப் பூச்சி எசுப்பானியரின் கட்டுக்காவலில் இருந்தது. 1795இல் பிரேசிலிலிருந்து கல்கத்தாவுக்கு வந்து பின்னர்ச் சென்னைக்கும் பரவியது அப்பூச்சியன்று. சாயம் குறைவான காட்டு இனம். அது எதிர்பார்த்த சிவப்பைத் தரவில்லை. ஆனால் கள்ளிச் செடிகளைப் பெருமளவில் அழித்தது. 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் தோட்டம் கைவிடப்பட்டது.

சாயவேரில் காட்டு இனம் உயர்ந்ததாகக் கருதப்பட்டது. கோச்சினியலில் காட்டு இனம் தோல்வியைத் தந்தது. காடு, தோட்டம் ஆகியவற்றுள் ஒன்று எப்போதும் சிறந்தது என்னும் பொதுவிதி இல்லை என்பதையும், ஒவ்வோர் உயிரினத்தையும் நெடுங்காலம் பழகியோரின் அறிவே இவ்வேறுபாட்டை உணர்த்தவல்லது என்பதையும் இவ்விரு நிகழ்வுகளும் ஒருங்கே காட்டுகின்றன.

8. ஆய்வகச் சிவப்பு

1868இல் கிரேபெ, லீபர்மான் என்னும் செருமானிய வேதியியலாளர் அலிசரினைச் செயற்கையாக உருவாக்கினர். மறு ஆண்டு அவர்களும், அவர்களையடுத்து ஆங்கிலேயரான வில்லியம் பெர்க்கினும் உற்பத்தி முறைக்குக் காப்புரிமை கோரினர். தென் பிரான்சின் மஞ்சிட்டி வகைப் பயிர்நிலங்கள் சில ஆண்டுகளிலேயே வீழ்ந்தன. சென்னை மாகாணத்திலும் அலிசரின் பரவியது. எண்ணெயும் சாம்பற்காரமும் சாயவேரும் கொண்டு நூலுக்குச் சிவப்பேற்றிய மதுரைச் சௌராட்டிரச் சாயக்காரர்கள், வேரைக் கைவிட்டு அலிசரினை ஏற்றனர். எட்வின் ஹோல்டர் சென்னை மாகாணச் சாயங்கள் குறித்து 1896இல் அரசுக்காக எழுதிய தனிநூல், மறையத் தொடங்கிய ஒரு தொழிலின் கணக்கெடுப்பாகவே அமைந்தது. மறு ஆண்டு, 1897இல், செருமனியின் பி.ஏ.எசு.எஃப் நிறுவனம் செயற்கை நீலத்தைச் சந்தைக்குக் கொணர்ந்தது. அவுரியும் அதன்பின் சரிந்தது.

இங்கு ஒரு முரண் உண்டு. சாயவேரின் நிறப்பொருள்களை முறையாகப் பகுத்தாய்ந்த ஆய்வு 1893இல்தான் வெளிவந்தது. அதனைச் செய்த இருவருள் ஒருவர் ஆர்தர் சார்சு பெர்க்கின்; செயற்கை அலிசரினுக்குக் காப்புரிமை பெற்ற வில்லியம் பெர்க்கினின் மகன். தந்தையின் கண்டுபிடிப்பு வேரைச் சந்தையிலிருந்து அகற்றிக்கொண்டிருந்த வேளையில், மகன் அவ்வேரினுள் இருப்பதும் அலிசரினே என மெய்ப்பித்தார்.

மாற்றத்தை இழப்பாக மட்டும் காண்பதும் பொருந்தாது. அலிசரின் சாயக்காரரின் பணி நாள்களைக் குறைத்தது. பருவத்தைச் சார்ந்திருக்கும் நிலையைத் தளர்த்தியது. மதுரைச் சாயக்காரர் அதனை ஏற்றது அறியாமையாலன்று. தொழிற் கணிப்பினாலேயே ஆகும். மறைந்தது ஒரு நிறமன்று; சிவப்பு முன்னிலும் மலிவாகக் கிடைத்தது. மறைந்தது பாத்தியையும் தரிசையும் துணியையும் ஒரே நாட்காட்டியில் பிணைத்த அறிவு.

9. இன்றைய மீட்டெடுப்பு

அவ்விழப்பின் விலை பின்னரே புலப்பட்டது. நொய்யலாற்றில் சாயக்கழிவு கலந்ததன் விளைவாக 2011இல் திருப்பூர்ச் சாயப்பட்டறைகளை மூடச் சென்னை உயர்நீதிமன்றம் ஆணையிட்டது. இச்சூழலில் இயற்கைச் சாயம் மீண்டும் கவனம் பெற்றுள்ளது. திண்டிவனம் பகுதியில் அவுரி இன்றும் பயிராகிறது. தஞ்சை மாவட்டக் கருப்பூர்க் கலம்காரி 2021இல் புவிசார் குறியீடு பெற்றது. வீட்டுத் தோட்டத்தில் அவுரியும் மஞ்சளும் வளர்த்துத் தாமே துணிக்கு நிறமேற்றும் ஆர்வலர்களும் பெருகி வருகின்றனர்.

இம்முயற்சிகள் வரவேற்கத்தக்கவை. எனினும் இரண்டு செய்திகளை வரலாறு முன்வைக்கிறது. ஒன்று, வீட்டுப் பாத்தி மட்டும் மரபைத் தொடரச் செய்யாது. தகரை முளைக்கும் வேலியோரமும், சாயவேர் படரும் கடற்கரை மணலும் நிலைத்தாலன்றிச் சாய மரபு முழுமை பெறாது. மணல் அள்ளலாலும் கட்டுமானத்தாலும் கடற்கரைத் தரிசுகள் சுருங்கி வரும் நிலையில் இது சூழலியல் வினாவும் ஆகிறது. மற்றொன்று, நிதானம் என்பது தெரிவுரிமை உடையவர்க்கே இன்பம். வேர் அகழ்ந்தோர்க்கு அது ஊழியமாக இருந்தது. இயற்கைச் சாயத் துணியின் விலையில் இலை பறிப்போர்க்கும் வேர் எடுப்போர்க்கும் உரிய பங்கு என்ன என்னும் வினாவை விடுத்து மரபு மீட்டெடுப்பைப் பேசுவது, 1742இன் கடிதத்தைப் போலவே பெயர்களை விடுத்து நுட்பத்தை மட்டும் எடுத்துக்கொள்வதாகும்.

10. முடிவுரை

மேற்கண்ட ஆய்வால் பின்வரும் கருத்துகள் பெறப்படுகின்றன.

சோழமண்டலச் சாயத் தொழில் பயிரிடலையும் காட்டுத் திரட்டலையும் ஒருசேரச் சார்ந்திருந்தது; ஒன்று மற்றொன்றை அகற்றவில்லை.

சாயமேற்றலின் படிநிலைகள் பருவமழை, வெயில், கடற்போக்குவரத்து ஆகியவற்றோடு இயைந்த நாட்காட்டியில் அமைந்தன. செயற்கை அலிசரினும் நீலமும் குலைத்தது இந்நாட்காட்டியையே.

ஐரோப்பியப் பதிவுகள் நுட்பத்தைப் பேணின. நுட்பம் அறிந்தோரின் பெயர்களைப் பேணவில்லை.

மன்னார்ச் சாயவேரின் வரலாறு, இயற்கைச் சாயத்தின் பின்னே கட்டாய உழைப்பும் இருந்தமையைக் காட்டுகிறது.

சாயவேரை இன்றும் கடற்கரை மணலில் காணலாம். பலர் அதனைக் களை என்றே கருதிக் கடந்து செல்கின்றனர். ஒல்லாந்தர் கால நிருவாக ஆவணங்களில் வேர் அகழ்வோர் பற்றி உள்ள பதிவுகளைத் தமிழ்ச் சமூக வரலாற்று நோக்கில் வாசிப்பதும், கடற்கரைச் சிற்றூர்களில் இச்செடி குறித்து எஞ்சியுள்ள வாய்மொழி அறிவைத் தொகுப்பதும் இத்துறையில் அடுத்து மேற்கொள்ளத்தக்க பணிகளாகும்.